தீவுக்குத் தீவு மாறும் கடிகாரம்

விடுமுறை என்றால் உதகை, கொடைக்கானல், மிஞ்சினால் காஷ்மீர் என்றிருந்த காலம் மாறிவிட்டது. வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர்கள்கூட, முதுகில் ஒரு பையும் கைப்பேசியில் நான்கைந்து விமானச் சீட்டுகளுமாகப் பாலிக்கும் லொம்போக்குக்கும் மாலத்தீவுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணத்தை அவர்கள் நாடுவதில்லை. ஒவ்வொரு தீவுக்கும் எது மலிவோ அந்தச் சீட்டைத் தனித்தனியே வாங்கிக்கொள்கிறார்கள். சொந்தச் சேமிப்பில் உலகம் பார்க்கும் இந்த ஆர்வத்தை வங்கித் துறையில் இருக்கும் நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், இப்பயணங்களின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அது நேரம். தனித்தனியாக வாங்கும் சீட்டு மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு: தாமதமோ ரத்தோ நேர்ந்தால் அதன் சுமையைப் பயணியே ஏற்றுக்கொள்கிறார். இந்தச் சுமையை அறிந்து ஏற்பவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அறியாமல் ஏற்பவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரே கடிகாரத்தில் வளர்ந்தவர்கள்

இந்தியருக்கு நேர வலயம் என்பது பழக்கமில்லாத பொருள். குஜராத்தின் மேற்கு முனைக்கும் அருணாசலத்தின் கிழக்கு முனைக்கும் இடையே சூரிய உதயத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வேறுபாடு இருந்தும், நாடு முழுமைக்கும் 1906இல் அறிமுகமான ஒரே சீர்நேரம்தான். ஒரு காலத்தில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், ரயில்வேக்கு மதராஸ் நேரம் என்று இருந்ததை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு. அந்தமானுக்குப் போனால்கூட நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிட்டதே என்று வியப்பதோடு சரி.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. பஞ்சாங்க மரபில் நாள் என்பது ஒரு சூரிய உதயம் முதல் அடுத்த உதயம் வரை. ஆகவே 'பதினான்காம் தேதி இரவு' என்றால் நள்ளிரவு தாண்டிய பொழுதையும் சேர்த்தே நம் மனம் கணக்கிடுகிறது. விமானச் சீட்டின் நாளோ நள்ளிரவில் பிறக்கிறது. 15ஆம் தேதி 00.40 மணி என்று அச்சிட்ட சீட்டுக்கு 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவரின் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். இந்தத் தவறு படிப்பறிவைப் பொறுத்ததன்று; இரண்டு நாள்கணக்குகள் மோதுவதால் வருவது. இந்தியாவிலிருந்து கிழக்கே செல்லும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே புறப்படுவதால், இந்த மோதல் பயணத்தின் முதல் படியிலேயே காத்திருக்கிறது.

மூன்று நேரம் கொண்ட தீவுநாடு

இந்தோனேசியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு மூன்று நேர வலயங்கள். ஜாவா, சுமத்ரா தீவுகளில் மேற்கு நேரம்; அது இந்தியாவைவிட ஒன்றரை மணி முந்தியது. பாலி, லொம்போக், ஃபுளோரஸ், சுலவேசித் தீவுகளில் மத்திய நேரம். இரண்டரை மணி முந்தியது. மலுக்கு, பப்புவா பகுதிகளில் கிழக்கு நேரம். மூன்றரை மணி முந்தியது. உள்ளூர்ச் சீட்டுகளில் இவை டபிள்யூ.ஐ.பி., டபிள்யூ.ஐ.டி.ஏ., டபிள்யூ.ஐ.டி. என்ற சுருக்கெழுத்துகளாகவே நிற்கும். பின்னிரண்டுக்கும் வேறுபாடு ஓர் எழுத்துதான். நேரத்திலோ ஒரு மணி.

விமானச் சீட்டில் புறப்பாடு புறப்படும் ஊரின் நேரத்திலும், வருகை சென்றடையும் ஊரின் நேரத்திலும் குறிக்கப்படும். ஆகவே ஜகார்த்தாவில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பாலியை ஏறத்தாழ 1 மணிக்கு அடைவதாகக் காட்டும். திரும்பும்போது 10 மணிக்குப் புறப்பட்டு 11 மணிக்கு அடைவதாகக் காட்டும். பறக்கும் நேரம் இரு திசையிலும் ஏறத்தாழ இரண்டு மணிதான். பாலி நீரிணையைக் கடக்கும் படகுப் பயணம் இன்னும் விந்தையானது. ஜாவாவின் கெத்தாப்பாங் துறையில் காலை 10 மணிக்கு ஏறி 50 நிமிடத்தில் கடந்தால், பாலியின் கிலிமானுக் துறையில் மணி 11.50. எதிர்த்திசையில் 10 மணிக்கு ஏறினால், இறங்கும்போது 9.50. ஏறியதற்கு முன்பே இறங்கியாயிற்று!

'கிழக்கே போனால் கடிகாரம் முந்தும்' என்ற பள்ளிப் பாடமும் இங்கே கைகொடுப்பதில்லை. ஜகார்த்தா, சிங்கப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது; ஆனால் சிங்கப்பூரைவிட ஒரு மணி பிந்தியது. நேர வலயங்களைச் சூரியனைவிட அரசாணைகளே அதிகம் தீர்மானிக்கின்றன. பாலியே 1988 வரை ஜாவாவின் நேரத்தில்தான் இருந்தது.

நமக்கு அருகிலுள்ள மாலத்தீவிலும் இதே நிலை. தலைநகர் மாலேயின் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி பிந்தியது. ஆனால் விருந்தினருக்கு மாலைவெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று அங்குள்ள பல சொகுசுத் தீவு விடுதிகள் தம் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முந்தி வைத்துக்கொள்கின்றன. அசாம் தேயிலைத் தோட்டங்களின் 'தோட்ட நேரம்' போன்ற ஏற்பாடு அது. படகு நான்கு மணிக்கு என்று ஒருவர் சொன்னால், தீவு நேரமா, மாலே நேரமா என்று கேட்டாக வேண்டும். அங்குள்ள கடல் விமானங்களோ பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பவை. மாலைக்குப் பின் மாலேயில் இறங்குபவர், கடல் விமானத்தில்தான் போக வேண்டிய தீவில் அறைக்குப் பணம் கட்டியிருந்தாலும், அன்றிரவை மாலேயில் இன்னொரு அறைக்குப் பணம் கொடுத்தே கழிக்க வேண்டும்.

பசிபிக் தீவுகளில் இது நாள் கணக்காகவே மாறும். சமோவா நாடு 2011 டிசம்பர் 30ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபுறம் சென்றது. இன்று அங்கிருந்து அமெரிக்கச் சமோவாவுக்குக் குறுந்தொலைவு விமானத்தில் செல்பவர் முந்தைய நாளில் போய் இறங்குகிறார். தங்கும் அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வது என்பதே அங்கு ஒரு கணக்கு.

எண்ணூறு கிலோமீட்டர் வரும் சாம்பல்

கடிகாரக் குழப்பம் மட்டும் இருந்தால் கவனத்தால் வென்றுவிடலாம். அதனோடு விமான ரத்து சேரும்போதுதான் இக்கட்டு.

இந்தோனேசியத் தீவுகளில் எரிமலைகள் மிகுதி. எரிமலைச் சாம்பல் கண்ணுக்குத் தூசியாகத் தெரிந்தாலும் உண்மையில் நுண்ணிய பாறைத்துகள். விமான இயந்திரத்தின் வெப்பத்தில் அது உருகி, உள்ளே படிந்து, காற்றோட்டத்தை அடைத்துவிடும். 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து மும்பை, சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் இரவில் நுழைந்தது. நான்கு இயந்திரங்களும் நின்றன. விமானம் தாழ இறங்கிச் சாம்பலைவிட்டு வெளியேறிய பின் இயந்திரங்கள் மீண்டும் இயங்க, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. இத்தகைய பட்டறிவுகளுக்குப் பின்னரே எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்கும் மையங்கள் உலகெங்கும் அமைக்கப்பட்டன. இந்தோனேசிய வான்பகுதிக்கான எச்சரிக்கைகள் ஆஸ்திரேலியாவின் டார்வின் மையத்திலிருந்து வருகின்றன.

எனவே சாம்பலைக் காரணம் காட்டி விமானம் ரத்தானால், அது நம் உயிரைக் காக்கும் முடிவு. 2017 நவம்பர் இறுதியில் அகுங் எரிமலை வெடித்தபோது பாலி விமான நிலையம் மூடப்பட்டு, பல்லாயிரம் பயணிகள் சிக்கினர். 2024 நவம்பரில் வெடித்த லெவொத்தோபி எரிமலை பாலியில் இல்லை. சுமார் 800 கிலோமீட்டர் கிழக்கே ஃபுளோரஸ் தீவில் இருக்கிறது. அதன் சாம்பல் காற்றோடு மேற்கே வந்ததால் பாலி விமானங்கள் ரத்தாயின. 2025 ஜூலையில் மீண்டும் அதே நிலை. 2024இல் அம்மலையடிவாரத்துச் சிற்றூர்களில் மனிதர்கள் உயிரிழந்தார்கள், வீடுகள் எரிந்தன என்பதையும் நினைவில் கொண்டால், நம் விடுமுறை ஒரு நாள் தள்ளிப்போனதற்காக விமான நிலையப் பணியாளரிடம் குரல் உயர்த்தத் தோன்றாது.

முன்கூட்டியே தெரிந்த மூடலும் ஒன்றுண்டு. சக ஆண்டின் பிறப்பான 'நியெப்பி' நாளில் பாலித்தீவு முழுதும் மௌனம் காக்கிறது. பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்நாளில் விமான நிலையமும் 24 மணி நேரம் மூடப்படும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சீட்டு வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது பயணியின் பொறுப்பு.

பாலி நிலையம் மூடப்படும்போது பயணிகள் நாடும் மாற்றுவழி, பேருந்திலும் படகிலும் ஜாவாவின் சுரபயாவுக்குச் சென்று அங்கிருந்து விமானம் ஏறுவது. பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம். களைப்பும் பதற்றமும் மிக்க அந்த வேளையில்தான் கடிகாரமும் ஒரு மணி மாறுகிறது. பாலியிலிருந்து போகிறவருக்கு ஒரு மணி லாபம், பிழைத்துக்கொள்வார். ஜாவாவிலிருந்து பாலிக்கு வந்து விமானம் பிடிக்க வேண்டியவருக்கு ஒரு மணி நட்டம். கைப்பேசி தானாக மாறும் என்று நம்பினால், உள்ளூர் இணைப்பு கிடைக்கும்வரை அது பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று சீட்டு, மூன்று ஒப்பந்தம்

இனி பணத்துக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: ஃபுளோரஸின் லாபுவான் பாஜோவிலிருந்து பாலிக்கு ஒரு நிறுவனம், பாலியிலிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று, அங்கிருந்து சென்னைக்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் தனிச்சீட்டு. முதல் விமானம் சாம்பலால் ரத்தாகிறது. முதல் நிறுவனம் தன் சீட்டின் பணத்தைத் திருப்பித் தரும் அல்லது மறுநாள் இடம் தரும். அதோடு அதன் கடமை முடிந்தது. இரண்டாம், மூன்றாம் நிறுவனங்களின் பார்வையில் பயணி வரவேயில்லை. அவர்களின் விமானங்கள் குறித்த நேரத்தில் பறந்துவிட்டன. சீட்டுப் பணமும் அவற்றோடு போயிற்று. மூன்று கட்டங்களும் ஒரே சீட்டில் இருந்திருந்தால், இறுதி ஊர்வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும். பயணி 'இணைப்பு விமானம்' என்று எண்ணிக்கொண்டிருந்தது சட்டப்படி இணைப்பே அன்று. அந்த இணைப்பு அவர் மனத்தில் மட்டுமே இருந்தது.

இழப்பீட்டு விதிகளும் இவ்விடத்தில் அதிகம் உதவா. இந்திய விதிகளின்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீட்டுக்கு இடமுண்டு. ஆனால் இயற்கைச் சீற்றம் போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு இது பொருந்தாது. இந்தோனேசியாவில், நிறுவனத்தின் குறையால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 3 லட்சம் ரூபியா தர வேண்டும். கேட்கப் பெரிய தொகை, நம் பணத்தில் 2,000 ரூபாய்க்கும் குறைவு.

இந்திய விதியில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. தொடர்பு விவரத்தைப் பயணி சரியாகத் தராவிட்டால் இழப்பீடு கோர முடியாது. முகவர் வழியாகச் சீட்டு வாங்கும்போது அவரது மின்னஞ்சலும் எண்ணும் பதிவாகிவிடுவது உண்டு. நேரமாற்ற அறிவிப்பு முகவருக்குப் போகும். பயணி தீவில் நிம்மதியாக உறங்குவார்.

நுழைவிசைவும் கடிகாரத்தோடு பிணைந்ததே. இந்தியருக்கு இந்தோனேசியாவில் வருகையின்போது தரப்படும் விசா 30 நாள்களுக்கானது. இறங்கும் நாளே முதல் நாள். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன் குடியேற்றச் சோதனையைக் கடந்தால் அதுவும் ஒரு நாள்தான். மிகைநாள் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபியா தண்டம். நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கும் மேல். முப்பதாம் நாளில் திரும்பத் திட்டமிட்டவரை ஒரே ஒரு ரத்து இந்தத் தண்டத்தின் வாசலில் நிறுத்திவிடும். அந்நிலையில், விமான நிறுவனம் தரும் ரத்துச் சான்றோடு அன்றே குடியேற்ற அலுவலகத்தை அணுகுவது நல்லது.

கடன் அட்டையின் விலை

இப்படிச் சிக்குபவர் செய்வது என்ன? மறுநாளுக்கான சீட்டை, அன்றைய உச்சவிலையில், கடன் அட்டையில் வாங்குவது. அதில் தவறில்லை, அட்டை அதற்காகவே இருக்கிறது. அடுத்த மாதம் முழுத்தொகையையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 விழுக்காடு. 60,000 ரூபாய் பாக்கிக்கு 3.5 விழுக்காடு என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 2,100 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடையாது. கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம். வசதியுள்ளவருக்கு இது ஒரு சலிப்பு. முதல் சம்பளச் சேமிப்பில் புறப்பட்ட இளைஞருக்கோ, பத்து நாள் பயணத்துக்கு ஓராண்டுக் கடன்.

இதைக் கேட்கும் இளையோர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள்: திட்டமில்லாமல் அலைவதில்தானே முதுகுப்பைப் பயணத்தின் சுவை? நாளெல்லாம் கணக்குப் பார்ப்பதானால் வீட்டிலேயே இருந்துவிடலாமே? கேள்வி நியாயமானதே. ஆனால் சுதந்திரமாக அலைய விரும்புபவருக்குத்தான் இடைவெளி அதிகம் தேவை. அரை மணிக்கு ஓர் இணைப்பு என்று இறுக்கிக் கட்டிய பயணத்தில் நல்ல கடற்கரை ஒன்றைக் கண்டால் நின்று பார்க்கக்கூட முடியாது. வைப்புத்தொகை முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட எந்த வங்கிக்கும் அனுமதியில்லை. ஒரு பகுதி கையிருப்பாக இருந்தே தீர வேண்டும். அந்தக் கையிருப்பை வீண் என்று எவரும் சொல்வதில்லை. பத்து நாள் பயணத்தில் ஒரு நாளைக் கையிருப்பாக வைப்பதும் அத்தகையதே. அந்த நாளை வைக்க வேண்டிய இடம், கடைசித் தீவுக்கும் தாயகம் திரும்பும் விமானத்துக்கும் நடுவில்.

யார் என்ன செய்ய வேண்டும்

பொறுப்பு முழுவதையும் பயணியின் தலையில் ஏற்றிவிட நாங்கள் உடன்படவில்லை.

முன்பதிவுத் தளங்கள், தனிச்சீட்டுகளைச் சேர்த்துக் காட்டும்போது 'இவை தனித்தனி ஒப்பந்தங்கள். முதல் விமானம் தவறினால் அடுத்ததற்குப் பொறுப்பில்லை' என்பதைப் பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே, வாடிக்கையாளரின் மொழியில், பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். நேரத்துக்கு அருகில் எந்த ஊர் நேரம் என்பதும், நள்ளிரவுச் சீட்டுகளில் 'முந்தைய இரவு நிலையம் வரவும்' என்பதும் இடம்பெற வேண்டும். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

வங்கிகளுக்கும் கடமை உண்டு. 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் மூடிய விமான நிலையத்தின் தரையில் அமர்ந்திருக்கும்போது அதைத் தெரிந்துகொள்வது மிகத் தாமதம். வெளிநாட்டு விமானச் சீட்டுக்குப் பணம் செலுத்திய அன்றே வங்கி நினைவூட்ட வேண்டும். குறுஞ்செய்திகளில் 'இந்திய நேரம்' என்ற இரு சொற்களைச் சேர்ப்பதும் பயன்தரும்: பாலியில் 6ஆம் தேதி அதிகாலை 1 மணிக்குச் செய்த செலவு இந்தியாவில் 5ஆம் தேதி இரவு 10.30. தாம் செய்த செலவையே மோசடி என்று கருதி அட்டையை முடக்கிவிட்டு, அந்நிய ஊரில் கையில் பணமின்றி நிற்கும் நிலை இதனால் தவிரும்.

பயணிகளுக்கு எங்கள் வேண்டுகோள் சிலவே. எல்லா நேரங்களையும் ஒரே தாளில், ஊர்ப்பெயரோடும் இந்திய நேரத்தோடும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரு விமானங்களையேனும் ஒரே சீட்டாக வாங்குங்கள். பயணக் காப்பீட்டைச் சீட்டு வாங்கிய உடனேயே எடுங்கள். எரிமலை வெடித்த செய்தி பரவிய பின் எடுத்த காப்பீடு அந்த வெடிப்புக்குப் பொதுவாக உதவாது. எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பின் பணம் தரும், இணைப்புத் தவறினால் தருமா என்ற இரு வரிகளையாவது படித்துவிடுங்கள். உள்ளூர் சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அதற்குத்தான் வரும். ஒரு திரும்புசீட்டின் விலையை, சுற்றுலாச் செலவுக்கு வெளியே, சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருங்கள்.

அந்தத் தொகை செலவாகாமலேயே நீங்கள் வீடு திரும்பக்கூடும். அப்படித் திரும்பினால், அடுத்த தீவுப் பயணத்துக்கான முதல் வைப்பு அதுவாகட்டும்.